ஒரு கொக்கி, ஒரு நூல், பல கண்ணிகள்

அரிசி மூட்டையின் வாயைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆலையில் இயந்திரம் தைத்து அனுப்பும் மூட்டையில், சரியான நூல்முனையைப் பிடித்து இழுத்தால் 'சர்' என்று முழுத் தையலும் கழன்று கையோடு வந்துவிடும். மறுமுனையை இழுத்தால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் வராது. கத்தியைத் தேட வேண்டியதுதான். எங்கள் செல்லிப்பட்டில் களத்துமேட்டில் கோணி ஊசியும் சணலும் கொண்டு கையால் தைக்கும் நெல் மூட்டை இப்படிக் கழலாது. இரண்டும் தையல்தானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு?

கோணி ஊசி சணலின் முனையையே துளை வழியாக இழுத்துச் செல்கிறது. இயந்திரம் அப்படிச் செய்வதில்லை. நூலை மடித்து ஒரு கண்ணியாக மறுபுறம் தள்ளுகிறது. அடுத்த கண்ணி இந்தக் கண்ணிக்குள் நுழைகிறது. அதற்குள் அதற்கடுத்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் அதற்குப் பின் வந்த கண்ணியே காவல். கடைசிக் கண்ணிக்கு மட்டும் காவல் கிடையாது. அதை இழுத்தால் அது கழலும். உடனே அதற்கு முந்தியது காவலை இழந்து கழலும். இப்படியே முதல் தையல்வரை போய்விடும். கணித நோக்கில் பார்த்தால் அந்த மூட்டையில் ஒரு முடிச்சுகூட இல்லை. இருந்தது நேரான நூல் மட்டுமே!

இதே சங்கிலியைத் துணி எதுவும் இல்லாமல், ஒரு சிறு கொக்கியால் பின்னிக்கொண்டே போவதுதான் குரோஷா. பெயர் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் 'குரோஷே' என்றால் சிறு கொக்கி. பிரெஞ்சு வழியில் கணிதம் படிப்பவர்கள் சதுர அடைப்புக்குறியையும் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள்; அதன் முனைகள் வளைந்திருப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

இனிக் கையில் எடுத்துப் பார்ப்போம். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கொக்கி ஊசியும் சற்றுத் தடித்த பருத்தி நூலும் போதும். நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி எது, இடைவெளி எது என்று தெரியாது. நூலின் முனைக்கு ஒரு சாண் தள்ளி ஒரு சுருக்குக் கண்ணி போட்டு அதைக் கொக்கியில் மாட்டுங்கள். உருண்டையிலிருந்து வரும் நூலை இடக்கையின் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின் மேலாகக் கொண்டு வாருங்கள். அந்த நூலைக் கொக்கியின் மேல் போட்டு, கொக்கியில் இருக்கும் கண்ணியின் வழியே இழுங்கள். பழைய கண்ணி கீழே இறங்கும். புதியது அதன் இடத்தில் வந்து நிற்கும். ஒரு சங்கிலிப் பின்னல் முடிந்தது. இப்படிப் பதினொன்று போடுங்கள்.

ஏறக்குறைய எல்லாத் தொடக்கக்காரர்களும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் மூன்று நான்கு கண்ணிகள் தொளதொளவென்று வரும். சரி, இறுக்கிப் பிடிப்போம் என்று விரலில் இன்னொரு சுற்றுச் சுற்றுவார்கள். உடனே கண்ணி கல்லாக இறுகிவிடும், கொக்கியே நுழையாது. 'ஒரு சுற்றுத்தானே கூட்டினேன்?' என்று திகைப்பார்கள். இந்தத் திகைப்புக்கு விடை இயற்பியலில் இருக்கிறது.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகைக் கட்டுபவரைக் கவனியுங்கள். கயிற்றைக் கரையிலுள்ள தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மறுமுனையை ஒரு கையால் அலட்சியமாகப் பிடித்துக்கொண்டிருப்பார். அலையில் ஆடும் படகு அவரை இழுத்துப் போவதில்லை. தூணில் உரசும் கயிற்றின் ஒவ்வொரு சிறு பகுதியும் இழுவிசையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. எஞ்சியதிலிருந்து அடுத்த பகுதி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே விசை கழித்தல் கணக்கில் குறைவதில்லை, வகுத்தல் கணக்கில் குறைகிறது. உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். அரைச் சுற்றுக்கு இருபுற இழுவிசைகளின் விகிதம் 2.6. ஒரு சுற்றுக்கு 6.6. இரண்டு சுற்றுக்கு 13 அல்ல, 43! மூன்று சுற்றுக்கு 285-ஐத் தாண்டுகிறது. இந்தக் கணக்கை 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் வகுத்தார். இதில் தூணின் பருமனுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். சுற்றிய கோணமும் உராய்வும் மட்டுமே கணக்கில் வருகின்றன. துறைமுகத் தூணுக்கும் உங்கள் சுண்டுவிரலுக்கும் ஒரே சூத்திரம்தான்.

விரலில் இன்னொரு சுற்றைக் கூட்டியவர் நூலின் இழுவிசையை ஒரே மூச்சில் ஆறரை மடங்காக்கிவிட்டார்! கண்ணி கல்லானதில் வியப்பில்லை. சுற்றைக் கூட்டாமல், இருக்கும் சுற்றில் விரலைச் சற்று வளைத்தோ நிமிர்த்தியோ கோணத்தைக் கொஞ்சமாக மாற்றுவதுதான் வழி. பழகியவர்களின் விரல் இதை அறியாமலே செய்கிறது. சித்திரை மாதத்து வியர்வைக் கையில் உராய்வு கூடிவிடுவதால், காலையில் நன்றாக வந்த பின்னல் மதியம் இறுகிப் போவதும் உண்டு. கையைத் துடைத்துக்கொண்டு தொடருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கொக்கியின் தலைக்குக் கீழே கழுத்துப் பகுதி மெலிந்திருக்கும். அதற்குக் கீழுள்ள தண்டுதான் 4 மில்லிமீட்டர். கண்ணியைக் கழுத்திலேயே நிறுத்திவிட்டால் அது கழுத்தின் அளவில் சிறுத்துவிடும். தண்டுவரை தள்ளிவிட்டு அடுத்த கண்ணியைப் போடுங்கள். அளவுகோல் தண்டுதான்.

சங்கிலி வெறும் கயிறுதான். அதைத் துணியாக்க 'ஒற்றைக் குரோஷா' என்னும் தையல் வேண்டும். கொக்கியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் கொக்கியை நுழையுங்கள். நூலை மேலே போட்டு அந்தத் துளை வழியே இழுங்கள். இப்போது கொக்கியில் இரண்டு கண்ணிகள் நிற்கும். மீண்டும் நூலைப் போட்டு இரண்டின் வழியாகவும் சேர்த்து இழுங்கள். ஒரு கண்ணி மிஞ்சும். ஒரு தையல் முடிந்தது. பதினொரு சங்கிலிக்குப் பத்துத் தையல்கள் கிடைக்கும். முடிவில் ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, அடுத்த வரிசையையும் இப்படியே பின்னலாம். ஒவ்வொரு வரிசையிலும் பத்து இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள்; ஓரத்துத் தையலைத் தவறவிட்டால் சதுரமாக வர வேண்டியது முக்கோணமாகிவிடும். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்க நூல்கள் ஒற்றை என்று சொல்வதை ஆங்கிலேய நூல்கள் இரட்டை என்கின்றன. நம் கடைகளில் இரு வகை நூல்களும் கிடைக்கின்றன.

வேலையை நிறுத்தும்போது நூலை வெட்டி, அதன் முனையைக் கடைசிக் கண்ணிக்குள் முழுவதுமாக இழுத்துவிட வேண்டும். அரிசி மூட்டை கழன்ற ரகசியம் இங்கே தலைகீழாகிறது. முனை உள்ளே நுழைந்ததும் கடைசிக் கண்ணிக்கும் காவல் வந்துவிட்டது.

இந்தத் தையலில் மிகவும் கடினமான வேலை எது தெரியுமா? நூலை இழுப்பது அன்று. ஏற்கெனவே பின்னி முடித்த துணியில் கொக்கி நுழைய வேண்டிய துளையைக் கண்டுபிடிப்பதுதான். துணி நெளியும், துளை மூடிக்கொள்ளும். விரல்நுனி தடவித்தான் தேட வேண்டும். திருப்பூரில் பனியன் துணி பின்னும் இயந்திரங்களில் ஒரு சுற்றின் எல்லாக் கண்ணிகளும் தனித்தனி ஊசிகளில் மாட்டியபடியே நிற்கின்றன. ஆகவே தேட வேண்டிய அவசியம் இல்லை. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-லேயே காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். குரோஷாவிலோ ஒரு நேரத்தில் ஒரே கண்ணிதான் உயிரோடு இருக்கிறது. மற்றவையெல்லாம் துணிக்குள் போய்விடுகின்றன. ஆய்வுக்கூடங்களில் முயற்சிகள் நடந்தாலும், கடைத்தெருவுக்கு வரும் உண்மையான குரோஷாத் துணி இன்றும் கையால் பின்னப்பட்டதே. இயந்திரம் அதைப் போன்ற தோற்றத்தைத் தரும், அவ்வளவுதான்.

அந்தக் கை யாருடையது? புதுச்சேரி மாநிலத்தின் ஒரு பகுதியான ஏனாம் கோதாவரிக் கரையில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதே கோதாவரிக் கழிமுகத்தில், ஆந்திர மாநிலத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் நர்சாபூர் என்னும் ஊர் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ ஊழியர்கள் வழியாக அப்பகுதிப் பெண்கள் குரோஷா லேஸ் பின்னக் கற்றுக்கொண்டார்கள். பின்னர் அது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பெருந்தொழிலாகிவிட்டது. 2024-இல் நர்சாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் இப்பெண்களைப் பற்றி ஆராய்ந்து எழுதிய நூல் 1982-இல் வெளிவந்தது. நாள்தோறும் பல மணி நேரம் பின்னியும் அவர்கள் தொழிலாளிகளாகக் கருதப்படவில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் பொழுதுபோக்கு என்றே ஊரும் வணிகர்களும் சொன்னார்கள், கூலியும் அதற்கேற்ப மிகச் சொற்பமாகவே இருந்தது என்று அவர் காட்டினார். இயந்திரத்துக்கு இன்றுவரை வசப்படாத ஒரு வேலைக்குப் பொழுதுபோக்கு என்று பெயர்! கையில் ஊசியை எடுத்து ஒரு சாண் துணி பின்னிப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார் என்பது என் எண்ணம். பையன்களும் பின்னிப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியா குரோஷே குவீன்ஸ்' என்ற குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையைக் காட்சிக்கு வைத்து அன்றைய உலகச் சாதனையை ஏற்படுத்தினார்கள். ஒரு தையல் ஒரு சதுர சென்டிமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 11 கோடித் தையல்களுக்குமேல் ஆகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை துளையைத் தேடியிருக்கிறது.

சதுரம் போதும், வட்டம் பின்னுவோம். இரண்டு சங்கிலி போட்டு, முதலாவது சங்கிலிக்குள்ளேயே ஆறு ஒற்றைத் தையல்களைப் போடுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு, மொத்தம் 12. மூன்றாம் சுற்றில் 18. நான்காவதில் 24. சுற்றுக்கு ஆறு கூட்டினால் வட்டம் தட்டையாக வரும். பின்னுகிறவர்கள் எல்லோரும் இந்த ஆறை அறிவார்கள். ஏன் ஆறு என்று கேட்டால் 'அப்படித்தான் வரும்' என்பார்கள்.

ஒற்றைத் தையலின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமம். அதை ஓர் அலகு என்போம். ஒரு சுற்றுப் பின்னினால் ஆரம் ஓர் அலகு கூடுகிறது. அப்போது சுற்றளவு எவ்வளவு கூட வேண்டும்? 2 பை, அதாவது 6.28 அலகு. எனவே 6 தையல்கள்! மிச்சமுள்ள 0.28-ஐ நூலின் நெகிழ்ச்சி சமாளித்துக்கொள்கிறது. இதைச் சோதிக்கவும் முடியும். ஒற்றையைப்போல ஏறக்குறைய இருமடங்கு உயரமுள்ள தையல் ஒன்று உண்டு. அதில் சுற்றுக்கு எத்தனை கூட்ட வேண்டும்? 12 என்று நீங்கள் கணக்கிட்டால், பின்னல் புத்தகமும் அதையே சொல்லும். பையின் மதிப்பைப் பாட்டிமார்கள் விரலால் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் சுற்றளவு போதாமல் துணி குவிந்து கிண்ணமாகும். குரோஷாத் தொப்பி இப்படித்தான் பிறக்கிறது. கூட்டுவதை அடியோடு நிறுத்தினால் குழாய். ஆறுக்கு மேல் போனால்? இடம் போதாமல் ஓரம் மேலும் கீழும் நெளிந்து கொசுவம் கொசுவமாக மடியும். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் தையல்களையும் இரட்டித்துக்கொண்டே போனால் பதினொன்றாம் சுற்றில் 6,144 தையல்கள் வரும். தட்டை வட்டத்திலோ 66 மட்டுமே.

இந்த நெளிந்த பரப்புக்குக் கணிதத்தில் ஒரு வரலாறு உண்டு. ஒரு கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளி வழியாக ஓர் இணைகோடுதான் வரைய முடியும் என்பது யூக்ளிட் வழி வந்த எடுகோள். பல கோடுகள் வரையக்கூடிய வடிவியலும் முரணின்றி இருக்க முடியும் என்று ரஷ்யாவில் லோபசேவ்ஸ்கியும் ஹங்கேரியில் போல்யாயும் 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதினார்கள். ஆனால் அந்தப் பரப்பைக் கையில் எடுத்துக்காட்டுவது எளிதாக இல்லை. காகிதத்தில் ஒட்டிய மாதிரிகள் சீக்கிரம் கிழிந்தன. லாட்வியாவில் பிறந்த டைனா டைமினா 1997-இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், குறிப்பிட்ட விகிதத்தில் தையல்களைக் கூட்டிக் குரோஷாவிலேயே அந்தப் பரப்பைப் பின்னிவிட்டார். துணியை மடித்து மடிப்பையே நேர்கோடாகக் கொள்ளலாம். ஒரு புள்ளி வழியே பல மடிப்புகள் மற்றொரு மடிப்பைத் தொடாமல் செல்வதை மாணவர்கள் விரலாலேயே தடவிப் பார்க்கலாம்.

சுற்றுக்கு மூன்று கூட்டிய துணி ஒன்று, ஆறு கூட்டியது ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டித்தது ஒன்று என மூன்று துண்டுகள் பின்னி அடுத்தடுத்து வையுங்கள். மூன்றாவதற்கு ஐந்து சுற்றுகள் போதும். அதற்குமேல் போனால் நூல் உருண்டை தீர்ந்துவிடும். பிறகு வீட்டுத் தோட்டத்திலோ பூக்கடையிலோ ஒரு கோழிக்கொண்டைப் பூவைப் பறித்து வந்து, மூன்றில் எதன் பக்கத்தில் வைக்கலாம் என்று பாருங்கள்.