வ.உ.சிதம்பரனார் (1872–1936): கப்பலும் ஆலையும் சிறையும்

திருச்செந்தூருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் தூத்துக்குடித் துறைமுகம். அங்கிருந்து கொழும்பு செல்லும் கடல்வழியில் ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கோலோச்சிய காலம். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞர் வ.உ.சி., 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார்.

1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. கட்டணப் போர் மூண்டது. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் பயணத்தையே இலவசமாக்கி, ஏறுவோர் கையில் ஆளுக்கொரு குடையும் கொடுத்தது. அப்படியும் சுதேசிக் கப்பலைத் தேடி மக்கள் வந்தார்கள்.

கரையில் இன்னொரு போராட்டம். 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலையை நிறுத்தினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றனர். நிர்வாகம் இறங்கி வந்தது.

மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்கவேண்டிய செக்கை அவர் இழுத்தார்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. பின்னாளில் அதை மீட்டுத்தர உதவிய நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம்.