கடையிலிருந்து மறையும் விளையாட்டுகள்

புத்தகமொன்றின் திருத்திய பதிப்பு வெளியாகும் போது பழைய பதிப்பு உலகிலிருந்து மறைந்து விடுவதில்லை. கணினி விளையாட்டுகளின் நிலை வேறாகும். அமெரிக்காவின் ரொக்ஸ்டார் நிறுவனம், 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' வரிசையின் புகழ்பெற்ற மூன்று விளையாட்டுகளை 2021 ஒக்டோபரில் இணையக் கடைகளிலிருந்து அகற்றியது. அடுத்த மாதம் வெளிவந்த அவற்றின் புதுப்பித்த வடிவத்திலோ குறைபாடுகள் மலிந்திருந்தன. கண்டனங்கள் வலுக்கவே நிறுவனம் மன்னிப்புக் கோரியதுடன், கணினிக்கான பழைய வடிவங்களைத் தனது கடையில் மீண்டும் விற்பதாக அறிவித்தது. வாடிக்கையாளர் வென்ற இத்தகைய சந்தர்ப்பங்கள் மிக அரிது.

பாடல்களுக்கும் வாகனப் பெயர்களுக்கும் பெற்ற உரிமங்கள் காலாவதியாவதாலும் விளையாட்டுகள் விலக்கப்படுகின்றன. முன்னர் வாங்கியோர் பெரும்பாலும் அவற்றை மீண்டும் தரவிறக்கலாம். புதியவருக்கே கதவு அடைபடுகின்றது. இறுவட்டாயின் கைமாற்றியேனும் பெறலாம். இணையக் கடையில் நாம் பணம் செலுத்திப் பெறுவதோ பொருளையன்று, அதனைப் பயன்படுத்தும் அனுமதியை மாத்திரமே.

இவ்வுண்மையை வாங்குவோருக்குத் தெளிவாகக் கூறாமல் 'வாங்குக' என விளம்பரப்படுத்துவதை, 2025 ஜனவரி முதல் கலிபோர்னியச் சட்டம் தடுக்கின்றது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் பழைய விளையாட்டை விற்பனையில் வைத்திருக்குமாறு அச்சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.