குடிநீரும் கிளினிக் கொப்பியும்

இணுவில் தோட்ட வரம்பில் நெருஞ்சிலைத் தேடிப் போக வேண்டியதில்லை. செருப்பில்லாமல் நடந்தால் அதுவே காலில் ஏறும். அதை அவித்த குடிநீர் நீர்க்கடுப்புக்கு நல்லது என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. அதனால் கிளினிக்கில் "சிறுநீரகம் பழுதாகுது" என்று சொன்னதும் அடுப்பில் குடிநீர் ஏறிவிடுகிறது.

ஆனால் நீர்க்கடுப்பு வேறு, நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு. முன்னது நீர் போகும் பாதையின் எரிச்சல். பின்னது வடிகட்டியே தேய்ந்து போவது. பெரும்பாலும் சலரோகமும் பிறஷரும் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை அது. வடிகட்டும் அளவு (eGFR) 60க்குக் கீழே இறங்கி 3 மாதம் அப்படியே நின்றால் இந்த நோய் என்பார்கள். 15க்குக் கீழே போனால் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படலாம். சிறுநீரைக் கூடப் போக வைக்கும் மூலிகையால் தேய்ந்த வடிகட்டி திரும்ப முளைக்காது.

சீன வைத்தியர்கள் இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்தொன்று நமது சரக்குக் கடைகளுக்கும் பழக்கமானது: இரேவற்சின்னி. பெயரின் வாலிலேயே சீனம் இருக்கிறது. அது பேதியாக்கும் கிழங்கு. கழிவு குடல் வழியே போகட்டும் என்பது கணக்கு. சீனாவில் நடந்த ஆய்வுகளில், இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேற்றினின் ஓரளவு குறைந்தது. ஆனால் அவை சிறிய, குறுகிய கால ஆய்வுகள். டயாலிசிஸ் தள்ளிப்போனதா என்ற கேள்விக்கு அவற்றில் தெளிவான விடை இல்லை. பேதி மிஞ்சினால் உடலில் நீர் வற்றி, எஞ்சிய சிறுநீரகமும் அடிபடும்.

இதைவிடக் கொடியது ஆள்மாறாட்டம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிய மருந்தெடுத்த 100க்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. 'ஃபாங் ஜி' என்ற சீன வேருக்குப் பதிலாக, பெயரில் அதை ஒத்த 'குவாங் ஃபாங் ஜி' கலந்திருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை வடுவாக்கும், புற்றுநோயும் தரும். நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் குவாங் ஃபாங் ஜியின் பேரினத்துச் செடிகள்.

நஞ்சில்லாத பச்சையிலும் கவனம் வேண்டும். இலைக்கஞ்சி, இளநீர், வாழைத்தண்டுச் சாறு எல்லாவற்றிலும் பொற்றாசியம் உண்டு. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். நோய் முற்றியவருக்கு அது இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே குழப்பும்.

அப்படியென்றால் சித்த வைத்தியத்தை விட்டுவிடுவதா? தேவையில்லை. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அதைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது. முறையாகப் படித்தவரிடம் போங்கள். போகும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். என்ன மூலிகை, எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதி வாங்கி, கிளினிக் டொக்டரிடமும் காட்டுங்கள். பிறஷர் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரத்தப் பரிசோதனையைத் தவற விடவும் வேண்டாம்.

மருந்தின் பெயரை எழுதித் தரச் சொன்னால் தயங்குகிறவரின் பொட்டலத்தை மட்டும் அவிக்காதீர்கள்.