எச்சரிக்கை விளக்கு ஒளிர்ந்தால்…

கிள்ளானையும் பந்திங்கையும் இணைக்கும் சாலையில் தெலுக் பங்லிமா காராங் அமைந்துள்ளது. இவ்வட்டார மக்களில் பலர் தொழிற்சாலைக்கும் அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் மகிழுந்திலேயே சென்று வருகின்றனர். பயணத்தின் நடுவே, வேகமானிக்கு அருகில் இயந்திர வடிவிலான மஞ்சள் விளக்கு ஒளிர்ந்தால் கவலை தோன்றும். எந்தப் பாகம் பழுதானது? எவ்வளவு செலவாகும்? அவ்விளக்கு ஒளிர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று உயிர்வளி உணரியின் பழுது. பட்டறைகளில் இதனை ‘ஆக்சிஜன் சென்சர்’ என்பர்.

பெட்ரோல் முழுமையாக எரிவதற்குத் தகுந்த அளவு காற்று வேண்டும். ஒரு கிலோகிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்று தேவை. இந்த அளவு சரியாக உள்ளதா என்பதை அறியவே உயிர்வளி உணரி புகைக் குழாயில் பொருத்தப்படுகிறது. வெளிக்காற்றில் உள்ள உயிர்வளிக்கும் புகையில் எஞ்சிய உயிர்வளிக்கும் இடையிலான வேறுபாட்டிற்கு ஏற்ப இது சிறிதளவு மின்னழுத்தத்தை உண்டாக்கும். பெட்ரோல் மிகுந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ட்டும், காற்று மிகுந்தால் ஏறக்குறைய 0.1 வோல்ட்டும் காட்டும். மகிழுந்தின் கணினி இதனைப் படித்துப் பெட்ரோலின் அளவைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய இவ்வுணரி, 1976ஆம் ஆண்டில் வோல்வோ மகிழுந்துகளில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

வெப்பத்திலும் புகையிலும் ஓயாமல் உழைப்பதால் உணரி நாளடைவில் தளர்ச்சியடைகிறது. கரி படிதல், இயந்திர எண்ணெய் கசிந்து எரிதல், மின்கம்பி அறுதல் ஆகியவையும் அதனைப் பாதிக்கும். உணரி தவறான தகவலைத் தந்தால் பெட்ரோல் செலவு கூடும்; கரும்புகை வெளிவரும்; நின்ற நிலையில் இயந்திரம் சீரின்றி அதிரும்.

இத்தகைய அறிகுறிகளைக் கண்டவுடன் உணரியை மாற்றிவிடலாமா? கூடாது. பழுதின் காரணத்தை முதலில் கண்டறிய வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே, கீழ்ப்பகுதியில் உள்ள இணைப்பில் ‘ஸ்கேனர்’ கருவியைப் பொருத்தினால், கணினி பதிவுசெய்த பழுதுக் குறியீடு திரையில் தோன்றும். எடுத்துக்காட்டாக, பி0135 என்பது உணரியைச் சூடாக்கும் மின்சுற்றில் குறை இருப்பதைக் காட்டும். உணரி ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டினால்தான் செம்மையாக இயங்கும். அதனால் அதனுள் ஒரு சிறு சூடேற்றி வைக்கப்பட்டுள்ளது. அச்சூடேற்றி பழுதாகியிருக்கலாம், அதற்கு மின்சாரம் செல்லும் கம்பியோ மின்காப்பு உருகியோ அறுந்திருக்கவும் கூடும்.

பி0171 என்னும் குறியீடோ கலவையில் காற்று மிகுந்துள்ளதை மட்டுமே தெரிவிக்கிறது. காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கலாம். பெட்ரோல் பம்பு வலுவிழந்திருக்கலாம். உணரிக்கு முன்னுள்ள புகைக் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உட்புகும். அப்போது நல்ல உணரிகூடக் காற்று மிகுந்துள்ளது என்றே அறிவிக்கும். அந்நிலையில் புதிய உணரியை வாங்கிப் பொருத்தினாலும் விளக்கு மீண்டும் ஒளிரும். செலவழித்த பணம் வீணாகும். நோயின் காரணத்தை அறிந்த பின்னரே சிகிச்சை செய்ய வேண்டும் என வள்ளுவர் மருத்துவருக்குக் கூறிய அறிவுரை பட்டறைக்கும் பொருந்துகிறது.

கம்பிகளையும் குழாய்களையும் சோதித்த பின்னர், இயந்திரத்தைச் சூடேற்றி உணரியின் மின்னழுத்தத்தைத் திரையில் கவனிக்க வேண்டும். வினையூக்கி மாற்றிக்கு முன்னுள்ள வழக்கமான வகை உணரியில் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விரைவாக ஏறி இறங்க வேண்டும். அது மிக மெதுவாக மாறினாலோ ஒரே அளவில் நின்றுவிட்டாலோ உணரி பழுதானதாகக் கருதலாம். மாற்றிக்குப் பின்னுள்ள உணரி பெரும்பாலும் நிலையான அளவையே காட்டும். அது பழுதன்று. புதிய மகிழுந்துகள் சிலவற்றில் வேறு வகை உணரிகள் இருப்பதால், தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்ப்பது இன்றியமையாதது.

மாற்றும் பணியில் பாதுகாப்பே முதன்மையானது. புகைக் குழாய் ஆறிய பின்னரே அதனைத் தொட வேண்டும். முதலில் மின்கலத்தின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இறுகிய திருகுப் பகுதியில் துரு நீக்கும் எண்ணெயை இட்டுச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். பின்னர்க் கம்பி நுழைய இடமுள்ள தனிச் சாக்கெட்டைக் கொண்டு உணரியைக் கழற்றலாம். அதே வகைப் புதிய உணரியை முதலில் கையால் திருகி, பிறகு கையேடு கூறும் அளவுக்கு முறுக்க வேண்டும். அதன் முனையில் எண்ணெயோ பசையோ படக்கூடாது. இறுதியாகப் பழுதுக் குறியீட்டை அழித்து, வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இப்பழுதை அலட்சியப்படுத்தினால் எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றிக்குள் சென்று எரியும். மிகுந்த வெப்பத்தால் அம்மாற்றி கெட்டுவிடும். அதன் விலை உணரியின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம். அதோடு, கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வளிகள் நாம் சுவாசிக்கும் காற்றில் கலக்கும். ஆகவே, எச்சரிக்கை விளக்கைப் புறக்கணிப்பதும் தவறு. ஆராயாமல் பாகத்தை மாற்றுவதும் தவறு. பட்டறைக்குச் செல்லும்போது, “எந்தக் குறியீடு தோன்றியது? எவற்றைச் சோதித்தீர்கள்?” என்று பணிவுடன் கேட்போம். இவ்விரு கேள்விகள் குடும்பத்தின் பணத்தையும் ஊரின் காற்றையும் காக்க உதவும்.