கூண்டுக்குள் உயிர்கள் – 11: பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு நாகம்

2021 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகரான ராலேயில், ஒரு குடியிருப்புப் பகுதியில், வீட்டு வாசலருகே வரிக்குதிரை நாகம் ஒன்று தென்பட்டது. நமீபியா, அங்கோலா பக்கத்துப் பாம்பு அது. கடிப்பது மட்டுமல்ல, எதிராளியின் கண்ணை நோக்கி நஞ்சை உமிழவும் செய்யும். இரண்டு நாள் கழித்துப் பிடித்தார்கள். முந்தைய ஆண்டு நவம்பரிலேயே அது வளர்ப்பவரிடமிருந்து தப்பிவிட்டது என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதே வளர்ப்பவரை இடையில், மார்ச் மாதம், அவருடைய பச்சை மாம்பா கடித்தும் இருந்தது. பாம்பு தப்பியதைத் தெரிவிக்காதது, கூண்டுகள் சரியில்லாதது, பெயர்ச்சீட்டு முறையாக இல்லாதது என்று அவர்மீது குற்றச்சாட்டுகள் பதிவாயின. அந்த மாநிலச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். நிரந்தரக் கூண்டு பாம்பு தப்ப முடியாததாக, வெளியே இருப்பவரைக் கடிக்க முடியாததாக, பூட்டுடன் இருக்க வேண்டும். இனத்தின் பெயரும் அதற்குரிய விஷமுறிவு மருந்தின் பெயரும் உரிமையாளர் விவரமும் வெளியே தெரிய வேண்டும். கடிபட்டால் செய்ய வேண்டியவை எழுத்தில் இருக்க வேண்டும். எல்லாமே நியாயமான விதிகள். ஆனால் உள்ளே இருக்கும் பாம்புக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால்தான் துணிமணி அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி, உலகின் கொடிய பாம்புகள் பலவற்றுக்கு ஆயுட்கால வீடாகிவிட்டது.

இந்தப் பெட்டியை எடுத்த எடுப்பிலேயே கொடுமை என்று தள்ளிவிடுவது சரியல்ல. அதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. பால்நிற பாலிபுரொப்பிலீன் பெட்டி, இரு முனையிலும் மூடியைப் பிடிக்கும் கொக்கிகள், பக்கவாட்டில் சால்டரிங் அயர்னால் உருக்கிப் போட்ட காற்றுத் துளைகள், தரையில் செய்தித்தாள், ஒரு மூலையில் ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த கிண்ணம், எதிர்மூலையில் தண்ணீர், பின்பக்கம் அலமாரியோடு ஓடும் வெப்பப் பட்டை. கண்ணாடித் தொட்டி போல உடையாது, கனக்காது, கழுவ எளிது, ஈரப்பதம் நிற்கும். உள்ளே மங்கலாக இருப்பதால் கூச்ச சுபாவமுள்ள பாம்பு சீக்கிரம் அடங்கி இரை எடுக்கும். புதிதாக வந்த பாம்பைத் தனிமைப்படுத்தவும், நோயுற்றதைக் கவனிக்கவும், குட்டிகளைத் தேற்றவும் இதைவிட வசதியான பொருள் இல்லை. நம் ஊரில் வீட்டுக்குள் புகுந்த பாம்பை மீட்பவர்கள் துளையிட்ட பிளாஸ்டிக் ஜாடியில் அடைத்துக் காட்டில் கொண்டுபோய் விடுவதும் இதே காரணத்தால்தான். பெட்டியில் எனக்கு மறுப்பில்லை. எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு வழிகாட்ட மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் ஓர் உதாரணம் இருக்கிறது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பை இழந்து நின்ற இருளர்களுக்காக, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் மண்பானையில் வைத்து, பானையின் வாயைத் துணியால் கட்டி, குளிர்ச்சியான இருட்டில் வைத்திருக்கிறார்கள். பானை எந்த பிளாஸ்டிக் பெட்டியையும்விடப் பெரியதல்ல. பாம்பு அதில் நீட்டிப் படுக்க முடியாது. ஆனாலும் அந்த ஏற்பாட்டை நான் குறைசொல்ல மாட்டேன். ஏனென்றால் அந்தப் பாம்பு அங்கே சில வாரம்தான் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருப்பதால் அதே பாம்பு உடனே திரும்பி வந்து மாட்டாது. வளர்ப்பில் ஒரு நாகம் 20 ஆண்டுகூட உயிரோடு இருக்கும். பானைக்குள் சில வாரமும் பெட்டிக்குள் 20 ஆண்டும் ஒரே தராசில் நிற்குமா? வட கரோலினாச் சட்டமே நிரந்தரக் கூண்டுக்கும் கொண்டுசெல்லும் பெட்டிக்கும் தனித்தனி விதி வைத்திருக்கிறது. தற்காலிகம் வேறு, நிரந்தரம் வேறு என்று மனிதப் பாதுகாப்புக்காகப் பிரித்துப் பார்த்தவர்கள், பாம்புக்காக ஏன் பிரிக்கக் கூடாது?

பாம்பு இயற்கையிலும் வளைக்குள் சுருண்டுதானே கிடக்கிறது, விரியன் இரைக்காக ஒரே இடத்தில் நாள்கணக்கில் அசையாமல் இருக்குமே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஓர் உயிர் ஓய்வெடுக்கும் இடத்தை அது வாழும் இடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அசையாமல் கிடக்கும் அதே விரியன் குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்புகள், குளிர்காலப் பொந்திலிருந்து கோடைக்கால இரைதேடும் நிலம்வரை கிலோமீட்டர் கணக்கில் போய்த் திரும்புகின்றன. ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் சோளப் பாம்புகளுக்குச் சிறிய இடமும் பெரிய இடமும் கொடுத்துப் பார்த்தபோது, சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் அவை பெரிய இடத்தை நாடின. அடுக்குப் பெட்டியில் வைத்த பந்து மலைப்பாம்புகளையும் கிளையும் மறைவிடமும் உள்ள கூண்டில் வைத்தவற்றையும் மியூனிக் ஆய்வாளர்கள் 2021இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெட்டியில் இருந்தவற்றுக்கு ஏறுவது, வெயில் காய்வது போன்ற இயல்பான செயல்களுக்கு வழியே இல்லை; கூண்டில் இருந்தவை அவற்றைச் செய்தன. சோம்பேறி என்று பெயரெடுத்த பாம்பு அது. இரண்டு இனமும் நஞ்சில்லாதவை என்ற மறுப்பு வரலாம். நஞ்சுப்பை இருப்பதால் உடலை நீட்ட வேண்டும் என்ற தேவை குறைந்துவிடும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

பெட்டியில் நன்றாகச் சாப்பிடுகிறது, முட்டையிடுகிறது, பிறகென்ன குறை என்பது அடுத்த வாதம். கால் நீட்ட இடமில்லாத கூண்டில் பண்ணைக் கோழியும்தான் முட்டையிடுகிறது. அது உற்பத்தியின் அளவுகோல், நலனைச் சொல்லாது.

கனமான மறுப்பு பாதுகாப்பு பற்றியது. கூண்டு பெரிதானால் பாம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது, கை வைப்பவருக்கு ஆபத்து கூடும் என்கிறார்கள். நேர்மையான கவலைதான். ஆனால் பெட்டி அதைத் தீர்க்கிறதா? பால்நிறப் பக்கங்கள் வழியே தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியாது. இழுப்பறை போல இழுக்கும் அமைப்பில், திறந்த நொடியில் முன்பக்கம் முழுவதும் பாம்புக்குத் திறந்துவிடுகிறது. முனைகளில் மட்டும் கொக்கி உள்ள மூடி நடுவில் நெகிழும். ஒரு நாகம் இரவெல்லாம் அதே இடத்தில் மூக்கால் முட்டினால் அந்த நெகிழ்வே வழியாகிவிடும். உமிழும் நாகத்துக்குக் காற்றுத்துளையும் ஒரு வாசல். காபூன் விரியனின் பல் 5 சென்டிமீட்டர் வரை வளரும். துளையருகே விரல் வைப்பவர் அதை மறக்க முடியாது. பொறுப்புள்ள விலங்குக் காட்சியகங்கள் இதற்கு வேறு வழி வைத்திருக்கின்றன. பெரிய கூண்டுக்குள்ளேயே ஒரு மறைவிடப் பெட்டி. அதன் நுழைவாயிலில், வெளியிலிருந்து நீண்ட கொக்கியால் தள்ளி மூடக்கூடிய கதவு. பாம்பு தானாக உள்ளே போனதும் கதவை மூடிவிட்டு, கூண்டை நிதானமாகக் கழுவலாம். பெட்டி தரும் பாதுகாப்பும் கிடைக்கும், பாம்புக்கு இடமும் கிடைக்கும். கூடுதலாகத் தேவைப்படுவது செலவும் சுவரில் இடமும்தான்.

செலவு என்னும்போதுதான் பெட்டியின் உண்மையான ஆபத்து தெரிகிறது. மலிவு என்பதால் ஒரே அறையில் ஒருவர் நாற்பது பாம்பை அடுக்க முடிகிறது. தண்ணீர் மாற்ற வாரம் இருமுறை திறந்தால் வாரத்துக்கு 80 முறை, ஆண்டுக்கு நாலாயிரத்துக்கு மேல். கொடிய பாம்புக்கும் கைக்கும் இடையே தடுப்பே இல்லாத தருணம் ஆண்டுக்கு அத்தனை முறை வருகிறது. கவனம் ஒருமுறை பிசகினால் போதும். பெரிய கூண்டு நாற்பதை நான்காகக் குறைக்கும். பாம்பின் நலனும் மனிதனின் பாதுகாப்பும் எதிரெதிர் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில்தான் போகின்றன. பிரிட்டனின் 1976ஆம் ஆண்டு ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. உரிமம் வேண்டுமானால் கூண்டு தப்ப முடியாததாக இருந்தால் மட்டும் போதாது; அளவும் பொருந்த வேண்டும், விலங்கு போதிய அளவு நடமாடவும் வழி வேண்டும் என்கிறது அது. அந்த வரியை எவ்வளவு கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவது என்பது உள்ளூர் மன்றங்களின் கையில் இருக்கிறது.

இந்தியாவில் நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இடம் தரவில்லை, அது நல்லதே. அனுமதி உள்ள நாடுகளில், பெட்டியின் பெயர்ச்சீட்டில் இனத்தின் பெயருக்கும் மருந்தின் பெயருக்கும் கீழே இன்னும் இரண்டு தேதிகளைச் சட்டம் கேட்க வேண்டும்: பாம்பு உள்ளே வந்த நாள், பெரிய கூண்டுக்கு மாற வேண்டிய நாள். புதிய பாம்பைத் தனிமைப்படுத்த வளர்ப்பவர்கள் வழக்கமாக ஒதுக்குவது 30 முதல் 90 நாள். அந்த 90க்கு மேல் போனால் அனுமதியைப் புதுப்பிக்கக் கூடாது. மருத்துவக் காரணம் இருந்தால் கால்நடை மருத்துவர் எழுதித் தரட்டும். ஆய்வாளர் வந்து பார்க்கும்போது கூண்டை அளக்க வேண்டியதில்லை, சீட்டைப் படித்தால் போதும்.

அடுத்த இதழில்: அந்தச் சீட்டில் பெயர் எழுதியிருக்கும் விஷமுறிவு மருந்து உண்மையில் எங்கே இருக்கிறது, யார் அதைச் சேமித்து வைக்கிறார்கள்?