ஒன்றும் செய்யாத நோய்க்கு ஏன் சத்திரசிகிச்சை?

1986 ஜனவரி 24. ஜப்பானின் மட்சுயே நகரில் நடந்த கரப்பந்தாட்டப் போட்டியொன்றில், மாற்றப்பட்டு வெளியே வந்து அமர்ந்த அமெரிக்க வீராங்கனை ஃப்ளோ ஹைமன் அப்படியே சரிந்தார். வயது 31. மாரடைப்பு என்றே முதலில் சொன்னார்கள். பிரேத பரிசோதனையில்தான் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி கிழிந்திருந்தது தெரியவந்தது. இணைப்பிழையங்களைப் பலவீனமாக்கும் மார்ஃபன் என்ற பரம்பரை நோய் அவருக்கு இருந்தது. அதன்பின் அவரது சகோதரனைச் சோதித்தபோது அதே பிரச்சினை பிடிபட்டது, சத்திரசிகிச்சை செய்தார்கள்.

எனக்கு மாமா முறையான ஒருவரின் எக்கோ அறிக்கையில் பெருநாடி 46 மில்லிமீற்றர் என்றிருந்தது. "எனக்கு ஒண்டும் செய்யேல்லையே, பிறகேன் நெஞ்சை வெட்டுவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

சிக்கல் என்னவென்றால், விரியும் நாடி பெரும்பாலும் வலிப்பதில்லை. விட்டம் கூடக்கூட அதே இரத்த அழுத்தமே சுவரை இன்னும் கூடுதலாக இழுக்கும். கிழிந்தபின் செய்யும் அவசர சத்திரசிகிச்சையில் உயிராபத்து அதிகம். திட்டமிட்டுச் செய்வதில் மிகக் குறைவு. ஆனாலும் அந்தக் குறைந்த ஆபத்தும் ஆபத்துத்தான். ஆகவேதான் வைத்தியர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள்: பொதுவாக 55 மி.மீ., மார்ஃபன் உள்ளவர்களுக்கு 50. வேகமாக விரிந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது கிழிந்திருந்தாலோ அதற்கு முன்பே. மார்ஃபன் இல்லாத மாமாவுக்கு இப்போதைக்குப் பிரஷர் குளிசையும் வருடாந்த ஸ்கானும்தான். பாரம் தூக்கவும் தடை.

1968 இல் ஹியூ பென்டால் விவரித்த முறையில் நாடியின் அடிப்பகுதியையும் வால்வையும் சேர்த்தே மாற்றுவார்கள். உலோக வால்வு என்றால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் குளிசை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை. பின்னர் டிரோன் டேவிட் சொந்த வால்வைக் காப்பாற்றும் முறையைக் கொண்டுவந்தார்.

எனக்குப் பிடித்தது டால் கோல்ஸ்வேர்தியின் கதை. மார்ஃபன் நோயுள்ள பிரித்தானியப் பொறியியலாளர். வார்ஃபரினோடு வாழ விருப்பமில்லாமல், ஸ்கான் படங்களிலிருந்து தன் பெருநாடியின் மாதிரியைச் செய்து, அதற்கு அளவாக ஒரு வலை உறையை வடிவமைத்தார். குழாய் வீங்கினால் வெளியே சுற்றிக் கட்டுவதுபோலத்தான். 2004 இல் லண்டன் றோயல் பிரொம்ப்டன் வைத்தியசாலையில் அந்த உறை முதன்முதலாகப் பொருத்தப்பட்டதும் அவருக்கே.

ஒருவருக்குப் பெருநாடி விரிந்திருந்தால் பெற்றோர், சகோதரர், பிள்ளைகளும் எக்கோ எடுக்கவேண்டும். மாமாவின் இரண்டு மகன்களும் இன்னும் போகவில்லை.