கொப்புளிப்பான் கண்டால் சொல்லியனுப்புங்கள்

நலமாயிருக்கும் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் கண்டால் நாம் பெரிதும் அஞ்சுவதில்லை. கிழமை ஒன்றிரண்டு கழிந்து தலைக்கு வார்த்ததும் பிள்ளை எழுந்து விளையாடச் சென்றுவிடும். இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைக்கோ அதே நோய் உயிராபத்தாக முடியலாம்.

இதற்குக் காரணம் யாது? புற்றுநோய் மருந்துகள் கெட்டுப்போன வெண்குருதிக் கலங்களை அழிக்கையில், நோயை எதிர்க்கும் நல்ல கலங்களையும் உடன் அழித்துவிடுகின்றன. களை பிடுங்கும் கை பயிரையும் சேர்த்துப் பிடுங்குவது போன்றது இது. எதிர்ப்பாரற்ற அவ்வுடலில் கொப்புளிப்பான் வைரசு தோலோடு நில்லாது நுரையீரல், ஈரல், மூளை ஆகியவற்றையும் பற்றக்கூடும்.

அமெரிக்க விஞ்ஞானி கேட்ரூட் எலியன் அம்மையாரின் பணி இவ்விரு நோய்களையும் தொட்டு நிற்கின்றது. அவரும் ஜோர்ஜ் ஹிச்சிங்சும் ஆக்கிய மேர்க்கப்டோபியூரின் 1953ஆம் ஆண்டில் அந்நாட்டில் இரத்தப் புற்றுநோய்க்கு வழங்க அனுமதி பெற்றது, இன்றும் வழங்கப்படுகின்றது. பிள்ளையின் நிர்ப்பீடனத்தைத் தாழ்த்தும் மருந்துகளுள் அதுவும் ஒன்று. பின்னாளில் எலியனின் குழுவினர் வளர்த்தெடுத்த அசைக்குளோவிரோ, கொப்புளிப்பான் வைரசு பெருகாது தடுக்கின்றது. 1988இல் எலியனும் ஹிச்சிங்சும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். கொப்புளிப்பானுக்கான தடுப்பூசியை ஜப்பானின் மிச்சியாக்கி தக்காஹாஷி 1974இல் உலகிற்கு அறிவித்தார்.

ஆயினும் அத்தடுப்பூசி, உயிருள்ள வைரசை வலுக்குறைத்து ஆக்கப்பட்டது. ஆதலால் கடுஞ்சிகிச்சை நடைபெறும் காலத்தில் நோயுற்ற பிள்ளைக்குப் பொதுவாக அது இடப்படுவதில்லை. உடன்பிறந்தாரும் உடன்பயில்வோரும் அதனைப் பெற்றிருத்தலே அப்பிள்ளைக்கு அரண்.

மேலும், கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே இந்நோய் காற்றின்வழி பிறரைத் தொற்றத் தொடங்குகின்றது. இன்று படுத்த பிள்ளை நேற்று வகுப்பிலே யாருக்கு அருகில் இருந்தது என்பதை ஆசிரியர் உடன் அறிதல் வேண்டும். தொற்றுக்கு உள்ளான புற்றுநோய்ப் பிள்ளைக்குப் பிறபொருளெதிரி மருந்தைப் பத்து நாளுக்குள் ஊசிமூலம் ஏற்றலாம். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று. எனவே அப்பிள்ளையின் பெற்றோர், கொப்புளம் எழும்வரை காத்திராது அன்றே வைத்தியசாலைக்கு அறிவித்தல் வேண்டும். காய்ச்சல் கண்டாலும் அவ்வாறே.

அம்மாள் வருத்தமென்று படலையிலே வேப்பிலை செருகுவது எம்மவர் வழக்கம். வேப்பிலையோடு பாடசாலைக்கும் அயலாருக்கும் ஒரு சொல் அனுப்புவோமாக. எம் பிள்ளைக்கு இலேசாய் வந்து போகும் நோயிலிருந்து இன்னொருவர் பிள்ளையைக் காக்க அச்சொல் உதவும்.